வாலுக்கும் விலை கொடுத்த காலம்: குதிரைகள் கடல் கடந்து வந்த வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

வில்பத்துக் காட்டின் மேற்குக் கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் செம்மண் மேட்டுக்குக் குதிரைமலை என்று பெயர். மலை என்று சொல்லும் அளவுக்கு அங்கே உயரம் இல்லை. குதிரையும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். அன்னியஸ் பிளொக்காமஸ் என்ற வரிக் குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகும்போது வடகாற்றில் அள்ளுண்டு, 15ஆம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் என்ற துறையை வந்தடைந்தார் என்பது அந்தச் செய்தி. கிரேக்க மொழியில் ஹிப்போஸ் என்றால் குதிரை. ஆகவே அந்தத் துறை எமது குதிரைமலைதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

மகாவம்சத்தைத் திறந்தால் எல்லாள மன்னனுக்கும் முன்பே அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதியாக ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழர்களைச் சந்திக்கிறோம். அவர்களின் தந்தையைக் குறிக்க அந்த நூல் பயன்படுத்தும் பாளிச் சொல் "அஸ்ஸநாவிக". அஸ்ஸ என்றால் குதிரை, நாவிக என்றால் கப்பலோட்டி. குதிரையைக் கப்பலில் கொண்டுவருவது அன்றைக்கே ஒரு தனித்தொழில், அதற்கென்று ஒரு பெயரும் இருந்திருக்கிறது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் இன்னொன்று சொல்கிறார்: இலங்கை மன்னன் பாரசீகத்திலிருந்து வரும் குதிரைகளை வாங்குகிறான், அவற்றைக் கொண்டுவருபவர்களிடம் சுங்கவரி அறவிடுவதில்லை. வரி விலக்குக் கொடுத்து அழைக்கும் அளவுக்கு அந்தப் பிராணி தேவைப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. யானை இங்கே உண்டு. போருக்கு ஏற்ற நல்ல குதிரை இங்கேயும் இல்லை, தென்னிந்தியாவிலும் இல்லை. இந்த ஈரமும் வெக்கையும் அந்த இனத்துக்கு ஒத்துவரவில்லை. இங்கே பிறக்கும் குட்டிகள் சிறுத்துப்போயின.

எம்மவர்களின் மேடைகளில் "எமது மூதாதையர் அரபுக் குதிரை வணிகர்கள்" என்று பெருமையாகச் சொல்வது வழக்கம். அதில் பிழையில்லை. ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நானூறு கிலோ எடையுள்ள, சத்தத்துக்கு மிரளும், கால் உடைந்தால் பிழைக்காத ஒரு பிராணியை ஆணி இல்லாத கப்பலில் ஒரு மாதம் வைத்து உயிரோடு எப்படி இறக்கினார்கள் என்று பெரியவர்கள் கேட்பதில்லை. பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். வகுப்பில் இந்தப் பாடம் நடக்கும்போது ஒரு சின்னப் பிள்ளை எம்மிடம் கேட்டது: "சேர், கப்பல் ஆடினா குதிரைக்குச் சத்தி வராதா?"

நல்ல கேள்வி. குதிரைக்குச் சத்தி வராது. வராததுதான் பிரச்சினை. அதன் இரைப்பை வாயில் இறுக்கமாக மூடிக்கொள்ளும் தசை இருப்பதால் உள்ளே போனது திரும்பி வெளியே வர வழியில்லை. மனிதனுக்கு வயிறு புரட்டினால் எடுத்துவிட்டுப் படுத்துவிடலாம். குதிரைக்கு வயிற்றில் கோளாறு வந்தால் வலி ஏறிக்கொண்டே போய்ச் செத்துவிடும். ஆகவே குதிரையோடு பயணம் போகிறவனின் முதல் வேலை அதன் வயிற்றைப் பார்ப்பது. ஓடாமல் நிற்கும் குதிரைக்குத் தானியத்தைக் குறைக்க வேண்டும், வைக்கோல் போன்ற நார்த்தீனியைக் கூட்ட வேண்டும், தீனியை ஒரேயடியாக மாற்றக் கூடாது. வழியில் கொடுக்கப்போகும் தீனியைப் புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட வேண்டும். இன்று மிருக வைத்தியர்கள் சொல்லும் இந்த விதிகள் அன்று எழுத்தில் இருந்ததோ இல்லையோ, கையில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குதிரைகூட எமது கரைக்கு வந்திருக்காது.

தென் அரேபியாவின் அஷ்-ஷிஹ்ர் துறையில் மாடு, ஒட்டகத்தோடு குதிரையும் சிறுமீனைத் தின்று வாழ்வதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பங்குனி முதல் வைகாசி வரை பிடித்த மீனைக் காயவைத்து வீட்டில் சேமித்து ஆண்டு முழுவதும் கொடுப்பார்களாம். கருவாடு தின்னும் குதிரை என்றதும் வகுப்பே சிரித்தது. ஆனால் கப்பல்காரனின் கண்ணால் பாருங்கள். கருவாடு பாரம் குறைவு, இடம் அடைக்காது, பழுதாகாது.

அடுத்தது தண்ணீர். இதை நாம் கரும்பலகையில் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். வெக்கையில் ஒரு குதிரை நாளுக்குச் சாதாரணமாக 30 லீற்றர் குடிக்கும். பயண நாட்களுக்கு இப்னு பதூதா ஓர் அளவு தருகிறார். ஓமானின் தெற்கிலுள்ள ழபாரிலிருந்து இந்தியாவுக்கு நல்ல குதிரைகள் போகின்றன, காற்று சாதகமானால் கடலைக் கடக்க ஒரு மாதம் என்கிறார். அவரே கள்ளிக்கோட்டையிலிருந்து ழபாருக்கு 28 நாட்களில் போயிருக்கிறார். ஆகவே ஒரு குதிரைக்கு 900 லீற்றர். ஒரு கப்பலில் 50 குதிரை என்று வைத்தால் 45,000 லீற்றர். எமது ஊருக்கு வரட்சிக் காலத்தில் வரும் தண்ணீர் பவுசரில் 5,000 லீற்றர் பிடிக்கும் என்றால் ஒன்பது பவுசர் தண்ணீர். அது குதிரைகளுக்கு மட்டும். மனிதர்களுக்கு வேறு. தீனி இன்னொரு பன்னிரண்டு தொன் வரும். இவ்வளவையும் ஒரே தடவையில் ஏற்ற முடியாது. வழியில் கரை தொட்டுத் தொட்டுத் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

கரை தொட்டால் வேறு ஆபத்து. இன்றைய மும்பாய்க்கு அருகிலுள்ள தானாவின் அரசன் கடற்கொள்ளையரோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தான் என்று மார்க்கோ போலோ சொல்கிறார். கொள்ளையில் அகப்படும் குதிரையெல்லாம் அரசனுக்கு, மிச்சப் பொருளெல்லாம் கள்ளனுக்கு. அந்தப் பக்கம் போகும் கப்பல் எதுவும் குதிரை இல்லாமல் போவதில்லை என்பதும் அவர் தரும் தகவல்தான். ஆகவே எந்தத் துறையில் தண்ணீர் பிடிப்பது, எந்தத் துறையை இரவோடிரவாகத் தாண்டுவது என்பதும் குதிரையைப் பாதுகாக்கும் ஆயத்தத்தில் ஒரு பகுதி.

காற்றைப் பற்றி எமது மீனவர்களுக்கு நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. சோளகம் உச்சத்தில் வீசும் ஆனி, ஆடியில் இந்தியாவின் மேற்குக் கரைத் துறைகள் மூடிவிடும். அந்தக் கடலில் மனிதனே நிற்க முடியாது. சோளகம் முறுகுவதற்கு முன்னரோ, தணிந்து வரும்போதோ அதன் தோளில் ஏறி வர வேண்டும். திரும்பிப் போக வாடை. இந்தப் பருவத்துக்கு அரபியில் மவ்சிம் என்று பெயர், ஆங்கிலத்தின் மொன்சூன் அதிலிருந்து வந்தது. மவ்சிம் தவறினால் கரையில் மாதக்கணக்காகக் குதிரைக்குத் தீனி போட வேண்டும். அவசரப்பட்டுப் புறப்பட்டால் கடலுக்குப் போட வேண்டும். எப்போது புறப்படுவது என்ற தீர்மானம்தான் எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு.

கப்பல் எப்படி இருந்தது? ஹோர்முஸ் கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோவுக்கு அவை பிடிக்கவேயில்லை. இரும்பாணி கிடையாது. தென்னந்தும்புக் கயிற்றால் பலகைகளைத் தைத்திருந்தார்கள். ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான். மேல்தட்டு கிடையாது. சரக்கை ஏற்றியதும் அதன்மேல் தோல்களை விரித்து, அந்தத் தோல்களின்மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். பல கப்பல்கள் மூழ்கிவிடுகின்றன என்கிறார். அவர் வெனிஸ் நகரத்தவர், அவருக்குத் தெரிந்தது ஆணியடித்த கப்பல். தைத்த பலகை வளைந்து கொடுக்கும், கரையில் மோதினாலும் உடனே பிளந்துவிடாது என்பது எமது கடற்கரை ஆட்களுக்குத் தெரிந்த விடயம். ஆனால் மேல்தட்டு இல்லாத கப்பலில் சரக்குக்கு மேல் குதிரையை நிறுத்துவது ஆபத்து என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. பாரம் மேலே ஏறினால் கப்பல் புரளும். ஒரு குதிரை மிரண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றவையும் சாயும்.

அதே நேரம் திறந்த வெளியில் ஒரு நன்மையும் உண்டு. குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிக்கும், வாயால் மூச்சுவிடத் தெரியாத பிராணி. மூடிய அடித்தட்டில் பல குதிரைகளை அடைத்தால் சிறுநீரின் ஆவியே அவற்றின் நுரையீரலைக் கெடுத்துவிடும். பிற்காலத்தில் பெரிய கப்பல்களில் அடித்தட்டில் ஏற்றப்பட்ட குதிரைகள் இப்படித்தான் செத்தன. இன்னொன்று: தலையை உயர்த்திக் கட்டிவைத்தால் மூச்சுக்குழாயில் சேரும் சளி வெளியேறாமல் உள்ளே இறங்கிக் காய்ச்சல் வரும். அடிக்கடி கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்தவிட வேண்டும். நின்றபடி தூங்குவது குதிரைக்கு இலகு, முழங்கால் பூட்டிக்கொள்ளும். ஆனாலும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். நெருக்கி ஏற்றினால் படுக்க இடமிருக்காது. (ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் லொறிகளில் மூக்கணாங்கயிற்றைக் கம்பியோடு இறுக்கிக் கட்டிய நிலையில் மாடுகள் வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அந்தக் கயிற்றை யார் கட்டுவது, யார் தளர்த்துவது என்று இந்த இடத்தில் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.)

இவ்வளவையும் செய்தது யார்? ஆவணங்களில் வணிகரின் பெயர் இருக்கிறது, மன்னனின் பெயர் இருக்கிறது. இரவில் எழும்பிக் கயிற்றைத் தளர்த்தியவரின் பெயர் இல்லை. அரபியில் அவரை ஸாயிஸ் என்பார்கள், அவ்வளவுதான்.

இனிப் பணத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வணிகத்தின் தென்முனை எமக்கு நேர் எதிரே இருந்த காயல். ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் அங்கே வந்து சேரும் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். காயலோடு எமக்கு உள்ள உறவை நாம் விளக்க வேண்டியதில்லை. கொழும்பிலும் காலியிலும் பேருவளையிலும் எத்தனையோ குடும்பங்களின் வேர் அங்கே. கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தன் சொந்தக் குதிரைகள் 1,400ஐப் பாண்டிய நாட்டில் இறக்குவதற்கு ஒப்பந்தம் செய்திருந்தார். அவரின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இக்கரையில் பாண்டியனின் அமைச்சர். அக்கரையில் விற்பவரும் இக்கரையில் வாங்குபவருக்கு ஆலோசனை சொல்பவரும் அண்ணன் தம்பி. சந்தை யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒப்பந்தத்தை எமக்கு அறியத் தருபவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள், 22 இலட்சம் தீனார் என்றும் சொல்கிறார். அவர் மிகையாக எழுதும் பேர்வழி, தொகையைக் கொஞ்சம் குறைத்தே வாசிக்கலாம். முக்கியம் அந்தத் தொகையல்ல, அதோடு வந்த நிபந்தனை. வழியில் குதிரை காயப்பட்டாலோ இறந்தாலோ அதன் விலையை அரச திறைசேரி கொடுக்கும்.

இரண்டு நூற்றாண்டு கழித்து விஜயநகரத்தில் இதே ஏற்பாடு இன்னும் வெளிப்படையாக வருகிறது. சாளுவ நரசிம்மர் ஹோர்முஸ், ஏடன் குதிரைகளை உயிரோடோ இறந்தோ மூன்றுக்கு ஆயிரம் பர்தாவ் என்று வாங்கினார் என்கிறார் போர்த்துக்கேயரான நூனிஸ். கடலில் செத்த குதிரைக்கு அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரையின் முழு விலையும் கிடைக்கும்.

வாலுக்கு விலை! எந்தக் குதிரையின் வால் என்று யார் விசாரித்திருப்பார்களோ தெரியாது.

மன்னர்களை முட்டாள்கள் என்று சிரித்துவிடுவது இலகு. அவர்கள் முட்டாள்கள் அல்ல. குதிரைப்படை இல்லாவிட்டால் அயல் அரசன் விழுங்கிவிடுவான். கடல் ஆபத்தை வணிகன் தலையில் மட்டும் வைத்தால் அவன் மிளகும் துணியும் ஏற்றிக்கொண்டு நிம்மதியாக இருப்பான், குதிரையைத் தொடமாட்டான். ஆகவே ஆபத்தை அரசன் ஏற்றான். அந்தக் காலத்துக் கப்பல் காப்புறுதி என்று சொல்லலாம். ஆனால் நாம் இன்னொரு பக்கத்தையும் பார்க்கிறோம். செத்தாலும் அதே விலை என்றான பிறகு முப்பது குதிரை ஏற்ற வேண்டிய இடத்தில் நாற்பதை நெருக்கி ஏற்றினால் வணிகனுக்கு நட்டமில்லை. தண்ணீர்ப் பீப்பா இரண்டைக் குறைத்து வேறு சரக்கு ஏற்றினாலும் நட்டமில்லை. எல்லா வணிகரும் அப்படிச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. செய்யாமல் இருப்பதற்கு இறையச்சம் ஒன்றைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

கரை இறங்கியும் குதிரைக்கு விடிவில்லை. பாண்டிய அரசனும் அவன் சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறு மிஞ்சாது என்று மார்க்கோ போலோ சொல்கிறார். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் கொடுக்கிறார்களாம். வஸ்ஸாஃப் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்: வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் சேர்த்த தீனி, குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்துக் கொழுக்கவிட்டு, பயிற்சி இல்லாமல் அப்படியே ஏறி விரட்டுவது. அன்பில்லாமல் செய்த காரியம் அல்ல இது. வீட்டுக்கு வந்த மருமகனுக்கு ஊட்டுவதுபோல் நெய்யும் பாலும் ஊட்டியிருக்கிறார்கள். குதிரையின் குடல் புல்லுக்கானது என்பதுதான் பிரச்சினை.

இப்போது எம்மவர் மேடைகளில் யாரும் சொல்லாத ஒரு வரிக்கு வருகிறோம். அந்த நாட்டில் குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை அங்கே போக விடுவதுமில்லை, குதிரைகள் சாவதுதான் அவர்களுக்கு இலாபம் என்று மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகிறார். அந்த வணிகர்கள் எமது மூதாதையர் என்று நாம் பெருமைப்படுகிறோம் என்றால் இந்தக் குற்றச்சாட்டையும் நாம்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

குதிரை வைத்தியம் இந்தியாவில் இருக்கவில்லை என்பது சரியல்ல. சாலிஹோத்திரர் பெயரில் வழங்கும் சமஸ்கிருதக் குதிரை வைத்திய மரபு மிகப் பழையது. ஆகவே மார்க்கோ போலோ கேட்டதை ஆராயாமல் எழுதியிருக்கிறார். வணிகர்கள் வேண்டுமென்றே தடுத்தார்கள் என்பதற்கும் அவருடைய சொல் ஒன்றுதான் சாட்சி. அதே காலத்தை எழுதிய வஸ்ஸாஃப் தீனியையும் சவாரியையும்தான் குறை சொல்கிறார், வணிகரை அல்ல. இதுவரை எம்மவருக்குச் சாதகம். மறுபக்கமும் உண்டு. அரபுலகில் குதிரை வைத்தியருக்கு பைத்தார் என்று பெயர். பக்தாதில் 9ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அகீ ஹிஸாம் குதிரைப் பராமரிப்பையும் வைத்தியத்தையும் பற்றி நூல் எழுதியிருக்கிறார். கெய்ரோவில் 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் நாஸிர் முஹம்மதின் பைத்தார் எழுதிய பெரும் நூல் இன்றும் இருக்கிறது. அறிவு அங்கே நிறையவே இருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை ஏற்றிய கப்பல்களில் அந்த அறிவு போதிய அளவு ஏறியிருந்தால், அடுத்த ஆண்டு அத்தனை குதிரைகள் மறுபடி தேவைப்பட்டிருக்காது. சதி என்று சொல்ல ஆதாரம் போதாது. சொல்லிக்கொடுக்க யாருக்கும் அவசரமும் இருக்கவில்லை. நமது தீர்ப்பு அவ்வளவுதான்.

தமிழகத்தின் சைவ மரபில் ஒரு கதை உண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட, இறைவனே குதிரை வணிகன் வேடத்தில் குதிரைகளோடு வருகிறார். அரசனின் லாயத்தில் இரவோடிரவாக அவை நரிகளாக மாறிவிடுகின்றன. பக்தியோடு சொல்லப்படும் கதை அது, அதை நாம் தொடவில்லை. ஆனால் பெரும் பொன் கொடுத்து வாங்கியது விடியும்போது லாயத்தில் இல்லை என்ற அனுபவம் அந்த நாட்டுக்குப் புதிதாக இருந்திருக்காது.

1510இல் போர்த்துக்கேயர் கோவாவைப் பிடித்ததும் குதிரைக் கப்பல்களை அங்கே திருப்பிவிட்டார்கள். காயலின் காலம் அதற்கு முன்பே மங்கத் தொடங்கியிருந்தது. எமது நாட்டில் அந்தப் பழைய போக்குவரத்தின் கடைசி உயிருள்ள மிச்சம் நெடுந்தீவில் நிற்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள், யாருக்கும் சொந்தமில்லாமல் கற்களுக்கும் பனைகளுக்கும் இடையில் மேய்கின்றன. குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகிறவர்கள் அவற்றோடு நின்று படம் எடுத்து வருகிறார்கள். வரட்சி கடுமையான ஆண்டுகளில் அவை தண்ணீர் இல்லாமல் சாவதும் செய்தியாக வருகிறது.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கற்பிட்டி, மன்னார்ப் பக்கம் பாதை சீராக இல்லாத காலத்தில் ஆடு மாடுகளைத் தோணியில் ஏற்றி இறக்கிய வாப்பாமார் இன்னும் சிலராவது இருப்பார்கள். பிராணி மிரளாமல் எப்படி ஏற்றினார்கள், கயிற்றை எந்த முடிச்சில் கட்டினார்கள், வழியில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். முடிச்சுக்குப் பெயர் இருந்தால் அந்தப் பெயரையும் எழுதுங்கள். பிள்ளைகளின் கொப்பியில் அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.